குரலுக்கு மேல் குரல்

1

சுவிசுக்கு வந்து ஐந்தாவது குளிர்காலம் தொடங்கிய கிழமை, பம்பாயிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊர்க் கடிதம் என்றால் நெஞ்சு பதறும். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் என்றால் மனுசன் வரும் வரைக்கும் திறக்கமாட்டேன். இது இரண்டும் இல்லை. அனுப்பியவர் வசந்தராவ் என்று இருந்தது. யாரப்பா இது என்று மாடிப்படியில் நின்று யோசித்தேன். அட, எங்கள் குந்தாவின் புருஷன் அல்லவா! சப்பாத்தைக் கழற்றாமலே வீட்டுக்குள் ஓடினேன். இந்த நாட்டில் அது பெரிய குற்றம், கீழ் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாங்கள் இருப்பது ஷ்லீரனில், ரயில் பாதைக்குப் பக்கத்துக் கட்டடத்தில். என் மனுசன் தொழிற்சாலைகளில் துப்புரவு வேலை. நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக் கூடத்தில் நிற்கிறேன். அங்கே ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் அந்தக் கிழவர் கிழவியின் பெயர் தைத்திருக்கும். பெயர் பார்த்து அடுக்குவதுதான் என் வேலை. பெயர் அறுந்துபோன சட்டைகளுக்கென்று மூலையில் ஒரு கூடை இருக்கிறது. அவற்றை யாரும் தேடி வருவதில்லை.

வசந்தராவ் தட்டெழுத்து வேலை செய்பவர். ஆங்கிலத்தில் எழுதிய கடிதமும் முதல் பந்தி வரைக்கும் கந்தோர்க் கடிதம் போலத்தான் இருந்தது. நலம், நலமறிய ஆவல், பம்பாயில் மழை நின்றுவிட்டது. பிறகு எழுதியிருந்தார்: "சென்ற வருடம் குந்தாவுக்குத் தொண்டையில் வருத்தம் கண்டது. ஒப்பரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல் போய்விட்டது. இப்போது சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். அவள் பாடிய பாட்டு ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் புறப்பட்டபோது உங்களுக்கு ஒரு கசெற் தந்தாள். அதை ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா? அவள் கேட்கவில்லை. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. கேட்பது நான்தான்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குந்தாவுக்காக அழுதேன் என்றால் அது பாதி உண்மை. மற்றப் பாதி பயம். அந்தக் கசெற்றுக்கு என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

2

பழைய கதையைச் சொல்லாமல் இது விளங்காது. என் மனுசன் முதலில் சுவிசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னையும் நாலரை வயது தர்சினியையும் அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட், எங்களைப் பம்பாயில் தாதரில் ஒரு அறையில் விட்டுவிட்டு "அடுத்த கிழமை அக்கா" என்றான். அந்த அடுத்த கிழமை எட்டு மாதம் கழித்து வந்தது. கட்டையில போவான்.

அங்கே 'சால்' என்பார்கள். நீளமாய் ஒரு விறாந்தை, வரிசையாய் ஒற்றை அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். பக்கத்து அறைக்காரிதான் குந்தா. நாற்பது வயது இருக்கும். தயிர் தொடமாட்டா, புளி தொடமாட்டா, கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டுவா. எனக்கு நாற்பது சொல் ஹிந்தி, அவவுக்கு முப்பது சொல் ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓயாமல் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்று இப்போது கேட்டால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு நாள் விறாந்தை முழுக்க ரேடியோக்களில் ஒரே மராத்திப் படப்பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் எல்லோரும் கூடவே முணுமுணுத்தார்கள். குந்தா மட்டும் வாளியை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டா. பாட்டு முடிந்ததும், "இந்த இடத்தில் அவ இரண்டு தரம் மூச்சு வாங்கிவிட்டா. நான் ஒரே மூச்சில் முடித்தேன்" என்றா.

நான் ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அப்போதுதான் தன் தொழிலைச் சொன்னா. சினிமாவில் முதலில் பாட்டு, பிறகுதான் படப்பிடிப்பு. பெரிய பாடகிக்கு நாள் கிடைக்காது, படப்பிடிப்போ காத்திருக்காது. அப்போது குந்தாவைப் போல ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். அவ முழு வாத்தியத்தோடும் பாடிக் கொடுப்பா. நடிகை அந்தக் குரலுக்கு வாயசைத்து நடித்து முடிப்பா. பிறகு ஒரு நாள் பெரிய பாடகி வந்து, குந்தாவின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே அதே இடத்தில் தான் பாடிவிட்டுப் போவா. குந்தாவின் குரலை அழித்துவிடுவார்கள். டப்பிங் பாடகி என்று பெயர். படத்தில் பெயர் வராது, இசைத்தட்டில் வராது. "ஆனால் அந்தச் சுழிப்பு என்னுடையது" என்று விரலால் காற்றில் ஒரு வளையம் போட்டுக் காட்டினா.

மராத்திப் படங்கள் சின்னப் படங்கள். சிலவேளை பெரிய பாடகி வராமலே போய், டப்பிங் குரலே படத்தில் நின்றுவிடுவதும் உண்டாம். அந்த அதிர்ஷ்டத்துக்காகக் குந்தா பதினைந்து வருடமாகக் காத்திருந்தா. நான் ஏஜென்டுக்குக் காத்திருந்தேன். ஒரே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இரண்டு பேரும் காத்திருந்தோம்.

நாங்கள் புறப்படுவதற்குச் சில நாள் முன் அவ துள்ளிக்கொண்டு வந்தா. பாடிக் கொடுத்த ஒரு பாட்டுக்குப் பெரிய பாடகி வரமாட்டாவாம். இவவின் குரலையே வைக்கப்போகிறார்களாம். புருஷன் பம்பாய் மில்லுக்கு வேலைக்குப் போய்விட, ஊரிலே இருக்கிற பெண் தினமும் பின்னேரம் வருகிற சிவப்பு பஸ்ஸைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. அவரை ஏற்றிப் போனாயே, ஏன் நாளாந்தம் வெறுமனே வந்து நிற்கிறாய் என்று கேட்கிறாள். குந்தா வரிவரியாகப் பொருள் சொல்லச் சொல்ல எனக்குத் தாங்க முடியவில்லை. என் மனுசன் சுவிசில், நான் தாதரில்.

ஒலிப்பதிவு செய்கிறவர் பிரியத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். ஒத்திகையும் பாட்டுமாகப் பன்னிரண்டரை நிமிடம். புறப்படுகிற அன்று குந்தா அந்தக் கசெற்றை என் கையில் வைத்தா.

"ஐயோ வேண்டாம், உங்களிட்ட வேற இல்லையே" என்றேன்.

"படம் வரட்டும். இசைத்தட்டு வரும். கடையில் போய் நானே காசு கொடுத்து வாங்குவேன்" என்றா. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பதினைந்து வருடத்தில் அன்றைக்குத்தான் பெயர் தைத்த சட்டை போட்டவள் போல நின்றா.

தர்சினி அவவின் சேலையை விடவில்லை. எட்டு மாதத்தில் பிள்ளை மராத்தியில் கதைக்கவும் சண்டை பிடிக்கவும் பழகியிருந்தாள். எங்களைப் போலவே அவர்களும் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், 'யேத்தே' என்பார்கள், வாறன் என்று அர்த்தம். குந்தா அயல் வீட்டு ரேப் ரெக்கோடரை வாங்கி வந்து, பாட்டு முடிகிற இடத்தில் கசெற்றை நிறுத்தி, பிள்ளையைக் கொண்டு அதையும் சொல்லவைத்துப் பதிந்து தந்தா.

3

இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தோம். விசாரணையில் மொழிபெயர்ப்பாளர், நல்ல மனிதர், பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, "பேர் என்ன பிள்ளை?" என்று கேட்டார். பிள்ளை நிமிர்ந்து நின்று, "மாஜ நாவ் தர்சினி" என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கத்து அதிகாரி பேனையைத் தூக்கினார். இது என்ன மொழி? மராத்தி. மராத்தி எங்கே பேசுகிறார்கள்? இந்தியாவில். அப்படியானால் நீங்கள் இந்தியரா? பையைத் திறந்தார்கள். கசெற் ஒன்று. இதிலே என்ன? பாட்டு. எந்த மொழி? நான் என்ன சொல்ல? யாழ்ப்பாணத்துக்காரி, பெற்ற பிள்ளை மராத்தி பேசுது, பையில் மராத்திப் பாட்டு!

கசெற்றைக் கடதாசிகளோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தின் பின், இலக்கம் ஒட்டிய உறையில் திரும்பி வந்தது. அந்த இரண்டு மாதமும் நான் படுத்தும் உறங்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பிள்ளையைப் பிடித்து மடியில் இருத்தி, "இனி அந்தப் பாஷை வாயில வரக்கூடாது. அந்தப் பாட்டும் வேண்டாம். விளங்குதோ?" என்றேன்.

"குந்தா மாவ்ஷி பாட்டும் வேண்டாமோ?" என்று கேட்டாள். மாவ்ஷி என்றால் சின்னம்மா.

"வேண்டாம்."

ஒரு தரம் பாடினபோது வாயில் அடித்தேன். ஒரே ஒரு தரம்தான். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. பிள்ளைகள் சொன்னால் கேட்பதில்லை என்று இங்கே எல்லாத் தாய்மாரும் குறைசொல்கிறார்கள். என் பிள்ளை கேட்டாள். மராத்தியை முதலில் விட்டாள், இப்போது தமிழையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வருகிறாள். தமிழில் கேட்டால் சுவிஸ் ஜெர்மனில் பதில். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை.

4

வந்து இரண்டாம் வருடம். ஊஸ்டரில் இருந்த ஒரு அண்ணை, இந்தக் குளிரும் விசாவும் போதும் என்று ஊருக்கே திரும்பிப் போக வெளிக்கிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லி அனுப்புகிறார், பின்னேரம் பயணம், அப்பாவுக்கு ஏதும் இருந்தால் தரட்டாம்.

அப்போது நாங்கள் எல்லோரும் கசெற்றில்தான் கடிதம் எழுதினோம். பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவரின் கையில் கொடுத்துவிட்டால், அவர்கள் கேட்டுவிட்டு அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கசெற் ஐந்தாறு தரம் கடல் தாண்டும். அன்றைக்குப் பார்த்து வீட்டில் வெறும் கசெற் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுவிசில் எந்தக் கடை திறந்திருக்கும்?

"இஞ்சேர், உந்தப் பம்பாய்க் கசெற் சும்மாதானே கிடக்கு" என்றார் என் மனுசன்.

மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்தில் நான் அரை மணித்தியாலம் பேசினேன். பாட்டு இருந்த பக்கத்தில் அழிபடாமல் இருக்கக் குந்தா உடைத்து வைத்த சின்னத் துவாரம் இருந்தது. அதற்கு மேலே செலோரேப் துண்டு ஒட்டினேன். அப்பா பதில் பேசும்போது சிரமப்படக்கூடாதே. செய்தவள் நான், மனுசன் இல்லை.

மனச்சாட்சி குத்தவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. படம் வந்திருக்கும், பாட்டு பம்பாய் முழுக்க ஒலிக்கும், குந்தா இசைத்தட்டை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பா என்றுதான் நினைத்தேன். பெரிய பாடகிக்குக் கடைசி நேரத்தில் நாள் கிடைத்ததும், வந்து ஒரு மணித்தியாலத்தில் பாடிவிட்டுப் போனதும் எனக்கு எப்படித் தெரியும்? வசந்தராவின் கடிதத்தின் கடைசிப் பந்தியில்தான் அது இருந்தது. அந்தப் பாட்டு இப்போதும் ரேடியோவில் வருகிறதாம். குந்தா அணைக்கமாட்டாவாம். சத்தமில்லாத வாயை அசைத்து, அந்தப் பாடகி எந்த எந்த இடத்தில் மூச்சு வாங்கினா என்று விரல்விட்டு எண்ணுவாவாம்.

அப்பாவின் பதில் ஒன்பது மாதம் கழித்து வந்தது. அப்பா தந்திக் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். சொல்லை எண்ணி எண்ணிப் பழகிய மனிதர், வீட்டிலும் அப்படித்தான். நான் அரை மணித்தியாலம் அழுது கொட்ட, அவர் பேசியது பதினொரு நிமிடம்! பேச்சு நின்று 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் பட்டென்று நிறுத்தி, கசெற்றைத் தூக்கி மேசையில் போட்டேன். "மிச்ச இடத்துக்கு என்ன வேலை? மகளோட கதைக்க அவ்வளவு அலுப்போ?" என்று மனுசனிடம் கத்தினேன்.

அடுத்த வருடம் ஊரில் சண்டை மூண்டபோது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அப்பா வீட்டிலேயே கண்ணை மூடினார். எங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. அந்தக் கசெற்றைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பிறகு ஒரு நாளும் போட்டுக் கேட்கவில்லை. செத்தவரின் குரலைக் கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

5

வசந்தராவின் கடிதத்தை ஒன்பது நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். கசெற் தொலைந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். கடையில் அந்தப் படத்துப் பாட்டை எடுத்து அனுப்பினால் என்ன என்றுகூட ஒரு கெட்ட புத்தி வந்தது. வீடு தேடிப் போய் அந்தப் பாடகியைக் குந்தாவின் முன்னால் இருத்துவது போல அல்லவா அது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எடுத்துப் போட்டேன். அவசரத்தில் பக்கம் மாறிவிட்டது. என் குரல்தான் வந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய என் குரல், ஏதோ கலியாண வீட்டுக்குப் போகிறவள் போல அவசர அவசரமாக: "அப்பா, இதிலேயே பதில் கதைச்சு அனுப்புங்கோ. மற்றப் பக்கத்தில சும்மா ஒரு பாட்டுத்தான் கிடக்கு. அதுக்கு மேல கதையுங்கோ."

சும்மா ஒரு பாட்டு. என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். கசெற்றை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

பிறகு பக்கத்தைத் திருப்பினேன். அப்பா வந்தார்.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன். சுகம். உங்கட சுகம் கேட்டுச் சந்தோசம். பசு கண்டு போட்டிருக்கு. தர்சினி தமிழ் படிக்கிறாளோ? குளிருக்குக் காதை மூடு. இந்தப் பக்கத்துப் பாட்டை ரெண்டு தரம் கேட்டனான். பாஷை விளங்கேல்லை. பாடுற பிள்ளை ஆரோ, நல்லாப் பாடுது. நீ மேல கதைக்கச் சொன்னபடியால் கதைக்கிறன். ஆனா ஒருத்தர் அனுப்பிக்கொண்டிருக்கேக்குள்ள குறுக்கால போறது எங்கட கந்தோரில வழக்கமில்லை. கடைசியில அவவுக்குக் கொஞ்ச இடம் விடுறன்."

இந்த வசனத்தை நான் அன்றைக்கும் கேட்டிருக்கத்தான் வேண்டும். அழுகையில் காதில் ஏறவில்லை.

ஊர்ச் செய்தி இன்னும் சில சொன்னார். இடையிடையே சும்மா இருந்தார், சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வைக்கிறன் பிள்ளை." டக்.

அந்த 'டக்'குக்குப் பிறகு ஒரு வயலின், அதன் மேலே குந்தா. பாட்டின் கடைசிச் சரணம் மட்டும். பஸ் போய்விட்டது, புழுதி அடங்கிவிட்டது, அவள் இன்னும் நிற்கிறாள். ஒரே மூச்சில் எடுத்த அந்த வரியும், காற்றில் விரலால் போட்டுக் காட்டிய அந்தச் சுழிப்பும் அப்படியே இருந்தன. ஒன்றரை நிமிடம் இருக்கும். நான் நிலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்பா இன்னும் பேசியிருக்கலாமே என்று இரண்டு வருடமாக அவர்மேல் மனவருத்தம் வைத்திருந்தேன். அவர் நான் ஆசைப்பட்டபடி பேசியிருந்தால் குந்தாவுக்கு அந்த ஒன்றரை நிமிடமும் இல்லை.

சத்தம் கேட்டுத் தர்சினி அறையிலிருந்து வந்தாள். பத்து வயதாகிறது. பாட்டு முடிந்து, ஒரு சின்னக் குரல் கசெற்றில் துள்ளியது: "மாவ்ஷி, மீ யேத்தே! யேத்தே! யேத்தே!" குந்தா சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான், பிறகு வெறும் இரைச்சல்.

"அம்மா, வேர் இஷ் தஸ் கிண்ட்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள். "அந்தச் சின்னப் பிள்ளை ஆர்?"

"நீதான் அம்மா."

"இல்லை." தலையை ஆட்டினாள். "எனக்கு உந்தப் பாஷை தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

6

என் மனுசன் தன்னோடு வேலை செய்கிற இத்தாலிக்காரரிடம் இரண்டு கசெற் போடுகிற ரெக்கோடர் வாங்கி வந்தார். அந்தக் கடைசித் துண்டைப் புதுக் கசெற்றில் எடுத்தோம். தொடங்கும்போது கொஞ்சம் முன்னாலேயே தொடங்கினேன். அப்பாவின் "சரி, வைக்கிறன் பிள்ளை"யும் அந்த 'டக்'கும் அதில் சேர்ந்து போயிற்று. தவறுதலாக என்று சொல்லமாட்டேன். தன் குரலுக்கு மேலே யார் குரல் இருக்கிறது என்று குந்தாவுக்குத் தெரியவேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் கடிதத்தில் அதை எழுத மனம் வரவில்லை. "நான்தான் அழிக்கக் கொடுத்தேன். மிச்சம் இவ்வளவுதான். என்னை மன்னியுங்கள்" என்று மட்டும் எழுதினேன். துவாரத்தை உடைத்துவிட்டுத்தான் கசெற்றை உறையில் போட்டேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. வசந்தராவ் நாலு வரிதான் எழுதியிருந்தார். குந்தா பாட்டை ஒரு தரம் கேட்டாவாம், பிள்ளையின் குரலைப் பல தரம் கேட்டாவாம். பிறகு கசெற்றை முதலுக்குச் சுற்றச் சொல்லி, பாட்டுக்கு முன்னால் வருகிற ஆண் குரலைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாவாம்.

கீழே குந்தாவின் கையெழுத்தில் மராத்தியில் சில வரிகள். அதற்குக் கீழே வசந்தராவின் ஆங்கில மொழிபெயர்ப்பு:

"என் குரலுக்கு மேல் எத்தனையோ பேர் பாடிவிட்டுப் போனார்கள். ஒருவரும் எனக்கு ஒரு வரி இடம்கூட விடவில்லை. இவர் விட்டிருக்கிறார். இவர் யார்? என்ன சொல்கிறார்?"

சலவைக் கூடத்துக்குப் போகவில்லை. சுகமில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றி எழுத எவ்வளவோ இருந்தது. எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன். கடைசியில் தந்தி போலத்தான் வந்தது.

"அவர் என் அப்பா. இப்போது இல்லை. நீ பாடு என்கிறார்."

அவர் சொன்னது அது இல்லைத்தான். ஆனால் செய்தது அதுதான்.